பொம்பளை போட்ட சீல்

ஜூலை 20, ஞாயிறு

“எழுதி வச்சுக்கங்க மதினி. ஆவணி ஒண்ணாந் தேதிக்குள்ள உங்க வண்டி ஒழுகாம நின்னுச்சுன்னா, நான் மீசைய எடுத்துக்கிறேன்.”

இன்றைக்கு ஜீப் ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்கள் முன்னாலும் சுருளிச்சாமி சொன்னது இது. ஸ்டாண்டுக்கு அவன்தான் தலைவர். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, எனக்குக் கொழுந்தன் முறை. எழுதி வைக்கச் சொன்னான், எழுதி வைக்கிறேன். பாதி வருஷம் போன டைரியை இனி யார் வாங்கப்போகிறார்கள் என்று கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிட்டார்.

முதல் பக்கத்தில் பெயர், ஊர், தொழில் எல்லாம் கேட்டிருக்கிறது. பெயர்: தவமணி. ஊர்: போடிநாயக்கனூர். தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, டிரைவர் என்று அழுத்தி எழுதினேன். தாள் லேசாகக் கிழிந்துவிட்டது. கிழியட்டும்.

விஷயம் இதுதான். பங்குனியில் இவர், என் வீட்டுக்காரர் ஒச்சப்பன், ஜீப் மேலே ஏறி மூட்டை கட்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனது. தகடு வைத்தாயிற்று. வாக்கரைப் பிடித்து நடக்கலாம், ஆனால் இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். அவர் படுத்தால் வண்டியும் படுக்க வேண்டுமா? சித்திரையிலிருந்து எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு நான்தான் ஓட்டுகிறேன். லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் இருக்கிறது. பெண் ஓட்டக் கூடாது என்று ஸ்டாண்டில் எவனும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் வண்டியில் எண்ணெய் ஒழுகுவதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டி 1958 மாடல். எனக்கும் இவருக்கும் மூத்தது. ஒழுகத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. போன மாதம் கொண்டை ஊசி வளைவில் ஒருத்தன் பைக்கோடு வழுக்கி விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டான். பழி எங்கள் வண்டி மேல். ஒழுகுகிற வண்டிக்கு ஸ்டாண்டில் இடமில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஆவணி முதல் தேதி, ஏலக்காய் சீசனுக்கு வண்டிகளின் வரிசை போடுவார்கள். அன்றைக்கு நான் மெட்டு வரை போய்த் திரும்பி வரவேண்டும். எஞ்சினுக்கு அடியில் செய்தித்தாளை விரிப்பார்கள். எல்லாரும் டீ குடித்து முடிக்கிற வரை அதில் ஒரு சொட்டு விழக் கூடாது. விழுந்தால் எங்கள் இடம் சுருளிச்சாமியின் மச்சினனுக்கு. தீர்மானம் எல்லா வண்டிக்கும், செய்தித்தாள் என் வண்டிக்கு மட்டும்.

வண்டியை வாங்கிக்கொள்ள ஆளையும் பிடித்து வைத்திருக்கிறான். மலையில் ரிசார்ட் நடத்துகிறவராம். வாசலில் நிறுத்தி, உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வைப்பாராம். பூச்செடி!

ஜூலை 21, திங்கள்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். தினமும் செய்கிற வேலைதான். ஓட்டம் இல்லாத நாளிலும் செய்துவிடுவேன், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் மட்டும் இவர் சுவர்ப் பக்கமிருந்து திரும்பிப் படுக்கிறார்.

எண்ணெய் அளக்கும் குச்சி அதன் குழாயிலிருந்து மேலே எழும்பி நின்றது. பழைய வண்டி, ஆட்டத்தில் எழும்பியிருக்கும். அமுக்கிவிட்டேன்.

ஒழுகலை அடைக்கிற வேலையை நானே செய்யப்போகிறேன் என்று சொன்னேன். “செய்யி” என்றார் சுவரிடம்.

கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கச் சீல் போடுவது மட்டும்தான் என் வேலை. அங்கே தண்ணீரை உள்ளே நிறுத்தினேன், இங்கே எண்ணெயை நிறுத்த வேண்டும். சுழலுகிற தண்டு, நிற்கிற ஓட்டை, நடுவில் ஒரு ரப்பர் வளையம். எங்கேயும் அதே கதைதான்.

ஜூலை 24, வியாழன்

முதுகு வலி. அவரைக்காய்ப் பொரியல் தீய்ந்துவிட்டது. ரெண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

ஜூலை 25, வெள்ளி

முன் பக்கத்துப் புல்லியைக் கழற்றியாயிற்று. போன தடவை வேலை பார்த்த மெக்கானிக்கை இப்போது பார்த்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பேன். சீலுக்கு ஒரு உதடு உண்டு. உதட்டுக்குப் பின்னால் மெல்லிய சுருள் கம்பி இருக்கும். அந்தப் பக்கம்தான் எண்ணெயைப் பார்க்க வேண்டும். மகராசன் திருப்பிப் போட்டிருக்கிறார். போதாததற்குச் சுத்தியலால் ஒரு ஓரத்தில் மட்டும் அடித்து இறக்கி, வளையம் கோணிப்போயிருக்கிறது. அதன் மேல் பேஸ்ட்டை அப்பி அடைத்திருக்கிறார்.

அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியை, சம்ப்பை, இறக்கிப் பின் பக்கத்துச் சீலைப் பார்த்தேன். அது ரெண்டு பாதியாக இருக்கும், மேல் பாதி, கீழ்ப் பாதி. ரெண்டின் முனையும் நகக்கண் அளவு துருத்தி நிற்க வேண்டும், போல்ட்டை முறுக்கும்போது ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அடைக்கும். அதைப் பிளேடால் வெட்டிச் சமமாக்கி வைத்திருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இத்தனை வருஷம் இவர் அந்த ஆளை நம்பி வண்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூலை 26, சனி

தேனிக்குப் போய்ச் சாமான் வாங்கினேன். கடைக்கார பாய், “எந்த மெக்கானிக்குக்கும்மா?” என்றார்.

“எனக்குத்தான் பாய்.”

“இல்லம்மா, மாட்டப்போறது யாரு?”

“மாட்டப்போறதும் நாந்தான், ஓட்டப்போறதும் நாந்தான். ஒழுகுனா ஒங்க கடைக்கு வந்து சண்ட போடப்போறதும் நாந்தான்.”

சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு டப்பாவிலிருந்து எடுத்து வந்தார். முதலில் எடுத்து வைத்தது எந்தச் சரக்கோ, கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

முன் சீல் போட்டேன். பழையதை நெம்ப ஸ்க்ரூ டிரைவரைத் தண்டின் பக்கமே கொண்டுபோகவில்லை. ஒரு கீறல் விழுந்தால் போதும், அதுவே வாய்க்கால். புல்லியின் கழுத்தில் பழைய உதடு தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் பண்ணி வைத்திருந்தது. புதுச் சீலையும் அதே ஆழத்துக்கு இறக்கினால் அந்தப் பள்ளத்திலேயே போய் உட்காரும். அதனால் ஒரு நூல் முன்னாலேயே நிறுத்தினேன், உதடு புது இடத்தில் படட்டும் என்று. உதட்டில் எண்ணெய் தடவி, போர்வெல் குழாயில் மிஞ்சிய பிளாஸ்டிக் துண்டை மேலே வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். நேராக உட்கார்ந்தது. தடவிப் பார்த்தேன். எவன் போட்டாலும் இதைவிட நேராகப் போட முடியாது. இதையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

பின் சீல். மல்லாந்து படுத்துக்கொண்டு, மேல் பாதியைக் கிராங்க் தண்டைச் சுற்றி ஏற்ற வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்கிற வேலை மாதிரிதான். எண்ணெய் தடவி ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே மறு பக்கம் இழுக்க வேண்டும். மூக்கில், வாயில், தலைமுடியில் எல்லாம் எண்ணெய்.

பாக்கியம் குடத்தோடு வந்து நின்று பார்த்தாள். தோட்டத்துக்கு வரும் பெண்களில் வாயாடி அவள்தான். “மத்த வண்டியில ஆட்ட அடைக்கிற மாதிரி அடைக்கிறாகக்கா. வழியில ஒதுங்க நிறுத்தச் சொல்லவும் வாய் வர மாட்டேங்குது. ஒன் வண்டின்னா கூச்சமில்லாம சொல்லலாம். சீக்கிரம் எந்திரிச்சு வா” என்றாள். நான் என்ன படுத்துத் தூங்கிக்கொண்டா இருக்கிறேன்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

எல்லாம் மாட்டி, புது எண்ணெய் ஊற்றியாயிற்று. ஸ்டார்ட் செய்யும் முன் இவர் வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கையில் சந்தனக் கிண்ணம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பொட்டு வைப்பது இவர் வழக்கம். மற்றவர்கள் பானெட்டில் வைப்பார்கள். இவர் அதைத் திறந்து, எண்ணெய் ஊற்றும் குழாயின் மூடிக்கு வைப்பார். “மேல இருக்கிறது தகரம். உசுரு எஞ்சின்லதான இருக்கு. அதோட நெத்தி இதுதான்” என்பார். இவரைப் பார்த்து ஸ்டாண்டில் பாதி வண்டிகளுக்கு இப்போது அங்கேதான் பொட்டு. விழுந்து படுத்த பிறகும் ஒரு வெள்ளி விட்டதில்லை. இன்றைக்கும் வழித்து வழித்து வைத்தார். வண்டி விஷயத்தில் மிச்சமிருக்கிற ஒரே வேலை, குறைவாகவா செய்வார்?

வாசலிலேயே வெகுநேரம் ஓடவிட்டேன். அடியில் விரித்த தாள் காய்ந்தே இருந்தது. இவரைப் பார்த்தேன். “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’முக்கு நான் ஒன்றும் குதித்துவிடவில்லை. ராத்திரி சேமியாப் பாயசம் வைத்தேன், பால் மிஞ்சியிருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

மலையேறிப் பார்க்கலாம் என்று போனேன். பாதி ஏற்றத்திலேயே எண்ணெய் வாடை வந்தது. திரும்பி வந்து ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் பார்த்தால், முன்னாலும் ஒழுகுகிறது, பின்னாலும் ஒழுகுகிறது. முன்னைவிட மோசம்.

சுருளிச்சாமி குனிந்து பார்த்துவிட்டு, “பொம்பள போட்ட சீலு பொம்பள மாதிரியே அழுகுதே” என்றான். சிரிக்காதவன் ஒருத்தனும் இல்லை.

“சீல் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எடுக்கும்போது எஞ்சின் நின்றது, அதற்கும் சிரித்தார்கள். குச்சி மறுபடியும் எழும்பி நின்றது. அமுக்கி, மேலே ஒரு குத்தும் குத்தினேன்.

“வித்துருவோம்” என்றார் இவர்.

“பூச்செடி வைக்கவா?” என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைக்கு ஒன்றும் எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடியும் பிரித்தேன். தோட்டத்தில் கூலிக்குப் போகிற பெண்கள் வேறு வண்டியில் இடித்துப் பிடித்துப் போகிறார்கள், நான் இங்கே ஜீப்புக்கு அடியில் கிடக்கிறேன். சீல் ரெண்டும் குத்துக்கல் மாதிரி இருக்கின்றன. உதடு மடங்கவில்லை, கிழியவில்லை, கோணவில்லை. தண்டில் கீறல் இல்லை. தப்பு ஒன்றாவது இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திருத்திவிட்டுப் போயிருப்பேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பூட்டியாயிற்று. இவர் வந்து பொட்டு வைத்தார். மலைக்குப் போனேன். ஒழுகியது.

வாசலில் ஓடவிட்டால் சொட்டுகூட இல்லை, ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் பீறுகிறது. அதைச் சொன்னேன் இவரிடம்.

“நம்மளால ஆகாதத ஆகாதுன்னு ஒத்துக்கிறணும் தவமணி. சுருளி சொல்றது தப்பில்ல.”

“எது ஆகாது? ஒங்களால ஓட்ட ஆகாது. என்னால ஆகும்.”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குக்கரில் பருப்பு வைத்தேன். விசில் வரவில்லை. ஓரத்தில் கேஸ்கட் வழியாகப் பருப்புத் தண்ணீர் புஸ்ஸென்று பீறி அடுப்பெல்லாம் வழிந்தது. போன வாரம்தான் புதுக் கேஸ்கட் போட்டேன். ‘இந்தச் சனியனும் ஏமாத்திருச்சா’ என்று திட்டிக்கொண்டே இறக்கி, மூடியைத் தண்ணீரில் காட்டினேன். விசில் குண்டு உட்காருகிற குழாயில் ஒரு துவரம்பருப்பு அடைத்துக்கொண்டிருந்தது. மேலே போக வழியில்லாவிட்டால் ஆவி எங்கே போகும்? கேஸ்கட்டைத் திட்டி என்ன பண்ண?

கரண்டியோடு அப்படியே வாசலுக்கு ஓடினேன்.

எஞ்சினும் மூச்சு விட வேண்டும். எங்கள் ஜீப்பில் அதற்கு ஒரே வழி அந்த எண்ணெய் மூடிதான். ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே கம்பி வலை. ஓட்டையும் தெரியவில்லை, வலையும் தெரியவில்லை. சந்தனம், குங்குமம், எண்ணெய்ப் புகை, மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக ஏறி, காரைச் சுவர் மாதிரி இறுகியிருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று புகை கிளம்பிக் கன்னத்தில் அடித்தது. இந்த அழுத்தத்துக்கு எந்தச் சீல் தாங்கும்? அந்தக் குச்சி இத்தனை நாளாக எழும்பி எழும்பி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதன் தலையில் குத்தியிருக்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. ஊரே கூடி என் கையைப் பழித்ததே! ஸ்டாண்டில் போய் மூடியைத் தூக்கிக் காட்டி, பாருங்கடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குள் இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மண்ணெண்ணெயில் ஊறவைத்து மூடியைச் சுத்தம் செய்தேன். சுரண்டியதைச் சாக்கடையில் போட மனசு வரவில்லை, எத்தனை வருஷத்துக் குங்குமம். கால் படாத இடமாக, கொல்லையில் வேப்பமரத்தடியில் போட்டேன். மலைக்குப் போய் வந்தேன். ஒரு சொட்டு இல்லை. குச்சியும் அடக்கமாக இருந்தது.

“மூடி பளபளங்குது?” என்றார் இவர்.

“சும்மா தேச்சேன். அழுக்கா இருந்துச்சு.”

யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஸ்டாண்டில் கேட்டால், புதுச் சீல் பதியக் கொஞ்ச நாள் ஆகும் என்று அடித்துவிடலாம். என் கையை இன்னும் நாலு பேச்சுப் பேசட்டும், தாங்கிக்கொள்வேன். இவர் அந்தச் சிரிப்பைத் தாங்க மாட்டார். பாசமெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டில் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சுவரைப் பார்ப்பார், எனக்குத்தான் இம்சை.

ஆகஸ்ட் 13, புதன்

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். கொல்லை ஈர மண்ணில் வேப்பமரம் வரை வாக்கரின் தடம் இருக்கிறது. அங்கே இவருக்கு என்ன வேலையோ.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பொட்டு வைக்க வருவார். மறுபடி மூடியில் அப்பினால் என்ன செய்வது? வைத்துவிட்டுப் போகட்டும், நான் பின்னால் போய்த் துடைத்துவிடலாம் என்று ஈரத் துணியை முந்தானைக்குள் வைத்திருந்தேன்.

கிண்ணத்தோடு வந்தார். பானெட்டைத் திறந்து வைத்திருந்தேன். பளபளக்கும் மூடியை ரொம்ப நேரம் பார்த்தார். “மூடு” என்றார். மூடினேன். வாக்கரை ஒவ்வொரு அடியாக நகர்த்தி டிரைவர் பக்கம் வந்து, உள்ளே எட்டி, ஸ்டீயரிங் நடுவில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார்.

“ஓட்டுறவ கை படுற எடம்” என்றார். “இங்க வச்சா எதுவும் அடைக்காது.”

அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, ஆவணி 1

தானும் வருவேன் என்று பிடிவாதம். இடுப்புக்குத் தலையணை கொடுத்து முன் சீட்டில் உட்கார வைத்தேன். பின்னால் பாக்கியமும் தெருப் பெண்களும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இவருடைய இடது கால் என்னோடு சேர்ந்து கிளட்ச் மிதித்தது.

மெட்டிலிருந்து இறங்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். சுருளிச்சாமி தானே செய்தித்தாளை விரித்தான். டீ வந்தது. இவ்வளவு மெதுவாக டீ குடிக்கிற டிரைவர்களை நான் பார்த்ததில்லை. கடைசி ஆள் கிளாஸை வைத்ததும் சுருளிச்சாமி மண்டியிட்டு, தாளை வெளியே இழுத்து, ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல” என்றான். அவனுக்கே கேட்காத குரலில்.

“சத்தமாச் சொல்லுங்க தம்பி” என்றாள் பாக்கியம்.

“அப்ப ஆடிப் பெருக்கன்னிக்கு மட்டும் எதுனால மதினி ஒழுகுச்சு? பேஸ்ட்ட அப்பி அடைச்சிட்டீகளோ?” என்றான் சுருளிச்சாமி.

“புதுச் சீலு. பதியறதுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“அவ போட்ட சீலு மொத நாள்லருந்து சரியாத்தான்டா இருந்துச்சு.” இவர் குரல். பங்குனிக்கு அப்புறம் ஸ்டாண்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. “எஞ்சின் மூச்சு விடுற மூடிய நாந்தான் அடைச்சு வச்சிருந்தேன். வாராவாரம் வச்ச பொட்டு. கேட்டுக்கிட்டீகளா? கோளாறு என் கையில, அவ கையில இல்ல.”

அப்புறம் எவனோ ஒருத்தன் களுக்கென்றான், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். இவர் தலையைக் குனியவில்லை. எனக்குத்தான் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

சுருளிச்சாமியின் கையிலிருந்த தாளை வாங்கினேன். பக்கத்தில் அவன் வண்டி நின்றது, என் வண்டிக்குச் சற்று முன்னால்தான் மலையிலிருந்து வந்தது. குனிந்து அதன் எஞ்சினுக்கு அடியில் தாளை விரித்தேன்.

“இன்னொரு டீ சொல்லுங்க. இதையும் குடிச்சு முடிப்போம்.”

டீ வருவதற்குள்ளேயே முதல் சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பானெட்டைத் திறந்தேன். இவரைப் பார்த்துப் பழகிய பொட்டுதானே, மூடியே தெரியாமல் சந்தனமும் குங்குமமும் மொத்தமாக அப்பியிருந்தது. மற்ற டிரைவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக ஒருத்தன் தன் வண்டிப் பக்கம் நகர்ந்தான், இன்னொருத்தனும் நகர்ந்தான். பானெட்டுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

சுருளிச்சாமியின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது.

“அது இருக்கட்டும் தம்பி” என்றேன். “மூடியக் கழுவுங்க.”

ஆகஸ்ட் 18, திங்கள்

வரிசை போட்டுவிட்டார்கள். இடம் கிடைத்தது, ஆனால் கடைசி வண்டி. வேண்டுமென்றே போட்டது என்று பாக்கியம் குதிக்கிறாள். போடட்டும். கடைசி வண்டியில் ஒரு வசதி இருக்கிறது. முன்னால் போகிற எவன் வண்டி ஒழுகுகிறது என்று ரோட்டைப் பார்த்தாலே தெரியும். எழுதி வைத்துக்கொள்வேன்.